வெறும் சுளுக்குதானே!

எனக்கு வயது 42. அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் கால்பந்தாட்டக்காரன், இடதுபுறத் தடுப்பாட்டம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரத்தில் இது வியப்புக்குரிய செய்தி அல்ல. தூத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கவும் பழகிவிடுவார்கள். சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் தமிழ்நாட்டுக்காக ஆடியவர்களில் பலர் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். எங்கள் குழுவில் கடலுக்குப் போகிறவர்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் உண்டு. என்னைவிட மூத்தவர் ஒரே ஒருவர். அவர் கோல் காப்பவர், ஆகவே ஓட வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு மாலை, உயரமாக வந்த பந்தைத் தலையால் தட்ட எழும்பினேன். பந்து கிடைத்துவிட்டது. ஆனால் இறங்கிய என் வலது பாதம் தரையைத் தொடவில்லை. எதிரணிப் பையனின் பாதத்தின்மேல் விழுந்து உள்பக்கமாக மடங்கியது. ‘டொப்’ என்று ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்டதா, மற்றவர்களுக்கும் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.

கீழே விழுந்தவனைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் ஐந்து மருத்துவர்கள் உருவாகிவிட்டார்கள். ஒருவர் பெருவிரலைப் பிடித்து, “ஒரு சுண்டு சுண்டினா சரியாயிரும்” என்றார். இன்னொருவர் எழுந்து நடந்தால்தான் சுளுக்கு இறங்கும் என்றார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஓர் அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அன்போடு எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறவன்தான் நான். அரை மணி நேரம் நீவினார். அன்றிரவு கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரே வீக்கம்.

மறுநாள் காலையில் நண்பர்கள் என்னை வர்ம ஆசான் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். வயதானவர். காலைத் தொடவே இல்லை. தூர இருந்தே பார்த்தார். “நீர் கட்டிக் கிடக்கிற காலை யாரு தடவினது? முதல்ல படம் எடுத்துப் பாருங்க சார்” என்றார். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான மருத்துவ ஆலோசனை அதுதான்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் இரண்டே காரியம் செய்தார். நான்கு எட்டு நடக்கச் சொன்னார். பிறகு விரலால் நான்கு இடங்களை அழுத்தினார்: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பு, சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் வெளியோரத்தில் நடுவே உள்ள எலும்பு மேடு, பாதத்தின் உள்புற வளைவுக்கு மேலே உள்ள எலும்பு. சாதாரணமாகச் செய்ததுபோலத் தெரிந்தது. பிறகுதான் அறிந்தேன், அதற்கு ஒட்டாவா விதிகள் என்று பெயர். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டவை. அடிபட்டவுடனும் சரி, மருத்துவரிடம் வந்த பிறகும் சரி, நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். அந்த எலும்பு இடங்களை அழுத்தும்போது வலித்தாலும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பள்ளியில் நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் விழுந்த பிள்ளை நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எலும்பு இடத்தை அழுத்திப் பார்ப்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அங்கே பட்ட அடி வெளிப்பார்வைக்குச் சுளுக்குப் போலவே இருக்கும். அதனால் பெரியவர்களுக்குச் சொல்வதைவிடக் கூடுதலான எச்சரிக்கை வேண்டும்.

எனக்கு எலும்பு முறியவில்லை. “தசைநார் கிழிந்திருக்கு, பாதிக்குப் பாதி” என்றார் மருத்துவர். கட்டுப் போட்டு அனுப்பினார். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. நான்காவது ஞாயிறு மைதானத்தில் இருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், சமதரையில், திரும்பிய திருப்பில் அதே கால் அதே பக்கம் மடங்கியது.

தசைநார் பற்றி ஒன்பதாம் வகுப்பில் திசுக்கள் பாடம் நடத்தும்போது இரண்டு வரி சொல்வேன். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது; தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். அவ்வளவுதான். சொல்லாமல் விட்டவை எத்தனை என்பது என் காலில்தான் தெரிந்தது. கணுக்காலின் வெளிப்புறத்தில் மூன்று தசைநார்கள் உண்டு. அவற்றில் முன்னால் இருப்பது மிக மெலிந்தது. பாதம் உள்பக்கம் மடங்கும்போது முதலில் கிழிவது பெரும்பாலும் அதுதான். உள்புறத்தில் இருப்பதோ விசிறிபோல் விரிந்த தடித்த நார். வெளிப்புறக் கணுக்கால் எலும்பு உள்புறத்தைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கம் மடங்காமல் அது தடுக்கும். உள்பக்கம் மடங்குவதற்கு அப்படித் தடை இல்லை. போதாக்குறைக்கு, பாதத்தின் உச்சியில் மூட்டுக்குள் பொருந்தும் எலும்பு முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கிறது. குதித்து இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கி இருக்குமல்லவா? அப்போது அந்தக் குறுகிய பின்பகுதிதான் மூட்டுக்குள் இருக்கும், பிடிமானம் தளர்ந்திருக்கும். கால்பந்து, கைப்பந்து, கபடி என எதில் பார்த்தாலும் சுளுக்கு விழுவது பெரும்பாலும் இறங்கும்போதும் திரும்பும்போதும்தான்.

கிழிந்த நார் ஆறுவதும் ஒரே நாளில் நடக்கும் காரியம் அல்ல. முதல் சில நாட்கள் வீக்கம். பிறகு ஏறத்தாழ ஆறு வாரம்வரை புதிய கொலாஜன் இழைகள் உருவாகும். ஆனால் அவை கரையில் அவசரத்துக்குப் பொத்திய வலைபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். அவை இழுவிசையின் திசைக்கு ஏற்ப வரிசையாகி உறுதிபெற மாதக்கணக்கில் ஆகும். வலி மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முன்பே போய்விடுகிறது. வலி போனதை நான் குணமானதாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை அடிபட்ட பிறகு எனக்கு வழிகாட்டியவர் எங்கள் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர். ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு நொண்டிக்கொண்டு போனவனைப் பார்த்து அவரே விசாரித்தார். “வலி இல்லாத நாளில் ஒற்றைக் காலில் நின்னு பார்த்தீங்களா சார்?” என்றார். வீக்கம் வடிந்தபின் அவர் முன்னால் நின்று பார்த்தேன். இடது காலில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்க முடிந்தது. வலது காலில் கண்ணை மூடியதும் நான்கு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன். வலி துளியும் இல்லை. கால் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

தசைநார் வெறும் கயிறு அல்ல என்று அவர் விளக்கினார். அதற்குள் நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புபவற்றில் அவையும் சேர்த்தி. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அந்த உணர்வுதான் இது, புரோப்ரியோசெப்ஷன் என்பார்கள். நார் கிழியும்போது இந்தச் செய்தித் தொடர்பும் பழுதாகிறது. அடுத்த முறை பாதம் சாயத் தொடங்கும்போது, காலின் வெளிப்புறத் தசை அதை இழுத்து நிறுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. 1965இல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் எலும்பியல் மருத்துவர் இதை எழுதினார். கால் ‘திரும்பத் திரும்ப மடங்குகிறது’ என்று சொல்லும் நோயாளிகளை ஆட்டம் காணும் பலகைமேல் நிற்கப் பழக்கினால் அந்தத் தொல்லை குறைகிறது என்று கண்டார். அவர் சொன்ன விளக்கம் பிறகு எவ்வளவோ விரிந்துவிட்டது. தசை வலிமை, மூளையின் பங்கு என்று பலவும் அதில் சேர்ந்துள்ளன. பயிற்சி மட்டும் இன்றுவரை மாறாமல் நிற்கிறது. ஒரு முறை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்குவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, முதல் சுளுக்குக்குப் பிறகு இந்தப் பயிற்சியை யாரும் கொடுக்காததுதான்.

அவர் கொடுத்த பயிற்சிகளில் செலவு வைப்பது ஒன்றுமில்லை. முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் சொன்னார். ‘இ’ எழுதும்போது கணுக்கால் எல்லாப் பக்கமும் சுழல்வதைச் செய்துபார்த்தால் அறிவீர்கள். பிறகு பழைய சைக்கிள் ட்யூபை மேசைக்காலில் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுப்பது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. பல் துலக்கும் நேரம் முழுக்க ஒற்றைக் காலில் நிற்பது. அது எளிதானபின் கண்ணை மூடி. அதுவும் எளிதானபின் தலையணைமேல். எங்கள் வீட்டில் இந்தக் கடைசிக் கட்டம் பெரிய வேடிக்கையாக இருந்தது. எட்டாவது வாரத்தில் குதித்தல், பத்தாவது வாரத்தில் வளைந்து வளைந்து ஓடுதல். வாரக் கணக்கைவிட அவர் பார்த்தது வேறு. சுவரில் முழங்காலைத் தொட்டபடி, குதிகால் எழாமல் பாதத்தை எவ்வளவு பின்னால் வைக்க முடிகிறது என்று இரு காலிலும் அளந்தார். ஒற்றைக் காலால் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்று அளந்தார். அடிபட்ட கால் மற்றதில் பத்துக்கு ஒன்பது பங்காவது எட்டும்வரை மைதானம் கிடையாது. எனக்கு மூன்றரை மாதம் ஆனது. இப்போதும் கணுக்காலுக்கு உறை போட்டுத்தான் ஆடுகிறேன். ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு மறுபடி சுளுக்குவதை அது குறைக்கும்.

பனிக்கட்டி பற்றி ஆசிரியர் நண்பர்கள் கேட்கிறார்கள். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ‘ரைஸ்’ என்று 1978இல் தம் நூலில் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முதலுதவி வகுப்புகளில் நாம் படித்தது அதைத்தான். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தம் பெயரைப் புகழடையச் செய்த ஒன்றைத் தாமே திருத்துவது எளிதல்ல. அறிவியல் வகுப்பில் நான் இதைச் சொல்வதுண்டு. முதல் நாளில் வலி தணிய, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைப்பதை இன்றும் பல மருத்துவர்கள் தடுப்பதில்லை. அழுத்தக்கட்டும் காலை உயர்த்தி வைப்பதும் இன்னும் பரிந்துரையில் உள்ளன. முதல் ஓரிரு நாட்களில் நீவுதல், சூடு வைத்தல், இழுத்துவிடுதல் மட்டும் கூடவே கூடாது. அவை உள்ளே கசியும் இரத்தத்தைக் கூட்டும். அதன் பிறகு தாங்கக்கூடிய அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னது என் கால் கதை. வட்டார வள மையத்தின் வராந்தாவில் ஒற்றைக் காலில் தடுமாறிய அந்த நாளில் எனக்கு என் கால் நினைவுக்கு வரவில்லை. ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. கால்பந்து ஆடுகிறவன் என்பதால் அணிப் பொறுப்பு என்னிடம் வந்தது. குறுவட்டப் போட்டி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தோற்றால் வெளியே, வென்றால் அன்றைக்கே அடுத்த ஆட்டம். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி. எங்கள் அணியில் வலது ஓரத்தில் ஓடிய எட்டாம் வகுப்பு மாணவன்தான் எங்கள் பலம். அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் அவன் கால் மடங்கி விழுந்தான். வலிக்கு ஸ்ப்ரே அடித்தேன். கட்டுத்துணியை இறுக்கிக் கட்டினேன்.

“சார், ஊன முடியல சார்.”

“வெறும் சுளுக்குதான் மக்கா. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். நீ ஆடு.”

ஆடினான். வென்றோம். கோப்பையோடு எடுத்த படம் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கிறது. முன்வரிசையில் இடது ஓரத்தில் வலது காலைத் தரையில் பதிக்காமல் அவன் நிற்கிறான். தினமும் கையெழுத்துப் போடப் போகும்போது பார்க்கிற படம்தான். அந்தக் கால் என் கண்ணில் பட்டது சென்ற ஆண்டுதான்.

அதன்பிறகு அவன் இரண்டு முறை வந்து, “அடிக்கடி மடங்குது சார்” என்றான். பார்த்து ஓடு என்றேன். மறு ஆண்டு அணித் தேர்வுக்கு அவன் வரவில்லை. பையனுக்கு ஆர்வம் போய்விட்டது, கைப்பேசி வந்தால் இப்படித்தான் என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னது நினைவிருக்கிறது. யாரும் மறுக்கவில்லை, அப்படிச் சொல்வது நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

கால் தேறியதும் அவனைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தான். வராந்தாவில் வலது காலில் நின்று கண்ணை மூடச் சொன்னேன். ஐந்து எண்ணுவதற்குள் என் தோளைப் பிடித்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, “படியிறங்கும்போதும் இப்படித்தான் சார். பந்து வரும்போது பயமா இருக்கு, அதான் வரல” என்றான். தப்பு என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது சங்கடமாகப் போய்விட்டது. “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு மணி அடித்தது என்று ஓடிவிட்டான்.

அவன் அம்மாவிடம் பேசி, அரசு மருத்துவமனையில் காட்டி, அங்குள்ள இயன்முறை மருத்துவப் பிரிவில் பயிற்சி எழுதி வாங்கினோம். காலை வணக்கக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வராந்தாவில் அவனும் நானும் ஒற்றைக் காலில் நிற்போம். முதல் வாரம் சிரித்த பிள்ளைகள் மூன்றாம் வாரம் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். யார் அதிக நேரம் நிற்பது என்று ஏழாம் வகுப்பு மாணவிகள் கணக்கு வைக்கிறார்கள். நான் ஒருநாளும் முதல் ஐந்துக்குள் வந்ததில்லை.

இப்போது எங்கள் அணிக்கு ஆட்டத்துக்கு முந்தைய தயார்ப் பயிற்சியாக ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்பதைச் செய்ய வைக்கிறோம். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம், ஒரு பந்து போதும். மெதுவோட்டத்தில் தொடங்கி, தசை வலிமை, சமநிலை, குதித்து இறங்குதல் என்று போய், வேக ஓட்டத்தில் முடியும். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள சிறுமியர் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் பெருங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. மைதானத்தை இரண்டு சுற்று ஓடவைத்து நேரே ஆட்டத்தில் இறக்கிய ஆண்டுகளை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாட வேளை 40 நிமிடத்தில் 20 நிமிடம் இதற்குப் போனால் எப்போது ஆடுவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எங்கள் பள்ளியில் புதிதாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் வாரம் இரண்டு நாள் முழுதாகவும் மற்ற நாட்களில் ஓட்டப் பகுதியை மட்டும் சுருக்கமாகவும் செய்ய வைக்கிறார். ஒற்றைக் கால் பயிற்சி மட்டும் எந்த நாளும் விடுபடாது.

இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்கு 17 வயதுக்குட்பட்டோர் அணிப் பெயர்ப் பட்டியல் அடுத்த வாரம் போக வேண்டும். அவன் பெயரைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள், அவனும் கேட்கிறான். கண்ணை மூடிக்கொண்டு வலது காலில் இப்போது 40 நொடி நிற்கிறான். ஒற்றைக் கால் தாண்டலில்தான் குறை. போன வெள்ளிக்கிழமை அளந்தபோது இடது கால் 150 செ.மீ., வலது கால் 128 செ.மீ.

“சார், டேப்பைச் சரியாப் பிடிச்சீங்களா?” என்றான். மறுபடியும் பிடித்தேன். 129.

திங்கட்கிழமை மீண்டும் அளக்கிறோம்.